காரையில் ஒரு காலை: கடலைத் தேடிப் போன ஒன்பதாம் வகுப்பு

பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டு இடைவெளியில் எங்கள் மாணவர்களை இரண்டு முறை வெளியே அழைத்துப் போனோம். முதல் பயணம் பதினேழு மணி நேரம் நீடித்தது, பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டாவது பயணம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அதில் கேட்ட கேள்விகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகும் நிற்கவில்லை. இரண்டும் ஏன் இப்படி வேறுபட்டன என்பதைப் பதிவு செய்யத்தான் இதை எழுதுகிறேன். களப்பயணம் நல்லதா கெட்டதா என்று பள்ளிகளில் பேசுகிறோம். எப்படிப்பட்ட களப்பயணம் என்று பேசுவது குறைவு.

முதல் பயணம்

ஒரே நாளில் முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில். காலை ஐந்து மணிக்குப் பேருந்து கிளம்பியது. பெரம்பலூரைத் தாண்டுவதற்குள் நான்கு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். கல்லணையில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். வரிசையாக நடந்தோம், படம் எடுத்துக்கொண்டோம், எண்ணிப் பார்த்து ஏற்றினோம். இரவு பத்து மணிக்குப் பள்ளி வாசலில் இறங்கியபோது பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

அடுத்த வாரம் கல்லணையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எல்லாரும் கரிகாலன் கட்டினான் என்று எழுதினார்கள். அது போவதற்கு முன்பே தெரிந்த செய்தி. அந்த இடத்தில் தண்ணீர் எத்தனை வழியாகப் பிரிகிறது என்று கேட்டேன். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கும் அங்கே கண்ணெதிரே பிரிகின்றன. ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்று எடுத்த குழுப் படத்தை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அப்படி நிற்க வைத்தது நாங்கள்தான்.

பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியான நாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேருந்தில் பாட்டுப் பாடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். சில பெண் குழந்தைகளுக்கு அதுதான் மாவட்டத்தைத் தாண்டிய முதல் பயணம். அதற்காகவே சுற்றுலா வேண்டும் என்றால் நானும் கை தூக்குவேன். ஆனால் அனுமதிக் கடிதத்தில் ‘கல்விச் சுற்றுலா’ என்று எழுதியிருந்தோம். அந்த முதல் சொல்லுக்கு நாங்கள் நியாயம் செய்யவில்லை.

ஏன் காரை

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரை என்று ஒரு ஊர். அங்கிருந்து கொளக்காநத்தம் பக்கம் போகும் வழியில் மழைநீர் அரித்து அரித்து மேடும் பள்ளமுமாகிவிட்ட களிமண் பூமி கிடக்கிறது. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். விவசாயத்துக்கு ஆகாது, நிழலுக்கு மரமும் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் ‘அங்க என்ன இருக்கு?’ என்றுதான் கேட்பார்கள்.

அங்கே இருப்பது ஒரு கடலின் தரை. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து விலகியபோது கடல் இந்தப் பகுதிக்குள் ஏறி வந்தது. வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இங்கே நின்றது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று காரையில் நாம் மிதிக்கும் களிமண். சுருள் ஓடு கொண்ட அம்மோனைட், பெலெம்னைட், சிப்பிகள், சுறாவின் பற்கள் என்று அந்தக் கடலின் உயிர்கள் அதற்குள்ளே கல்லாகிக் கிடக்கின்றன. இன்றைய கடற்கரை இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

இதைப் புவியியலாளர்கள் மிக முன்பே கவனித்துவிட்டார்கள். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு 1862-இல் இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அவற்றுக்கு வைத்த பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். எங்கள் பிள்ளைகள் பேருந்துப் பலகையில் படிக்கும் அதே ஊட்டத்தூர்தான். உலகத்தில் எந்த நாட்டில் கிரெட்டேசியஸ் பாறைகளைப் படிப்பவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய பெயர் அது. ஊட்டத்தூரில் மாமா வீடு இருக்கும் ஒரு பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவே இல்லை.

தொலைவில் உள்ள பெரிய இடத்தைவிடப் பக்கத்தில் உள்ள, கண்ணில் படாத இடம் மேல் என்று நான் முடிவு செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்புப் பாடத்தில் புதைபடிவங்கள் வருகின்றன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை கல்மரப் பூங்காவும் அதில் வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வு ஆண்டில் வெளியே அனுப்ப எந்தப் பள்ளியும் தயங்கும். அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே போய்விடலாம், பாடம் வரும்போது அனுபவம் முன்னால் நிற்கும் என்று நினைத்தேன். மாதம் ஜனவரி. வெயில் குறைவு என்பது மட்டுமல்ல, வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் களிமண்ணைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். புதிதாக வெளியே தெரியும் படிவங்கள் அந்தப் பருவத்தில்தான் அதிகம்.

போவதற்கு முன் மூன்று வகுப்புகள்

இஸ்ரேலில் நிர் ஓரியன், அவி ஹாஃப்ஸ்டீன் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் புவியியல் களப்பயணத்தை ஆராய்ந்து 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்டுப் பள்ளிகள், 296 மாணவர்கள். அவர்கள் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு மாணவர் புது இடத்துக்குப் போகும்போது மூன்று விதமான பழக்கமின்மை அவரைச் சூழ்ந்துகொள்கிறது. பார்க்கப் போகும் பொருள் புதிது. இடம் புதிது. அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதும் தெரியாது: எப்போது சாப்பாடு, எவ்வளவு நடக்க வேண்டும், கழிப்பறைக்கு எங்கே போவது. இந்த மூன்றும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் படிப்பு நடக்கும். கல்லணையில் எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றுமே முழுசாக இருந்தன.

ஆகவே மூன்று வகுப்புகள் எடுத்தேன். முதல் வகுப்பில் களிமண்ணில் நத்தை ஓட்டை அழுத்தி, அந்தக் குழியில் சிமெண்ட் பாலை ஊற்றி, காய்ந்ததும் பிரித்து எடுத்தோம். ஓடு வேறு, அச்சு வேறு, வார்ப்பு வேறு என்று கையில் வைத்துக்கொண்டே பேசினோம்.

இரண்டாவது வகுப்பு காலத்துக்கு. பத்துக் கோடி என்று கரும்பலகையில் எழுதினால் அது எண்தானே தவிர வேறொன்றுமில்லை. அதனால் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு எட்டு வைத்தால் ஆயிரம் ஆண்டு பின்னால் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்தது 1010-இல். அதுவே ஒரு எட்டுதான். மைதானத்தின் கோடிக்குப் போனால் எழுத்து இல்லை, ஊர் இல்லை, உழவு இல்லை. காரைக் கடலுக்கு இப்படி ஒரு லட்சம் எட்டு வைக்க வேண்டும். எட்டுக்கு அரை மீட்டர் என்றால் 50 கிலோமீட்டர், அதாவது இங்கிருந்து நடந்தால் திருச்சியை நெருங்கிவிடலாம். மைதானம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு எண்ணுக்கு அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வகுப்பில் இடத்தின் வரைபடம், நேரம், சாப்பாடு, விதிகள். கழிப்பறை இல்லாத இடம் என்பதால் பக்கத்துக் கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முன்கூட்டியே பேசி, சனிக்கிழமை திறந்து வைக்க ஏற்பாடு செய்திருந்தோம். இதை வகுப்பிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். இதைச் சொல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வெயிலில் தலை சுற்றி உட்காரும் பிள்ளை எந்தப் புதைபடிவத்தையும் பார்க்காது. களப்பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

விதி ஒன்றே ஒன்று: பார்க்கலாம், தொடலாம், வரையலாம், எடுத்து வரக் கூடாது.

ஒரு மீட்டர் சதுரம்

ஏழு மணிக்கெல்லாம் காரையில் இருந்தோம். நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு வினாத்தாள் தயாரித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன், இருபத்து நான்கு கேள்விகள். இறங்கிய பத்தாவது நிமிடமே புரிந்துவிட்டது. அத்தனை பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது தாளை. கேள்விக்கு விடை எங்கே என்று என் முகத்தைப் பார்த்தார்கள், ஒருவருடைய தாளை இன்னொருவர் பார்த்தார்கள். தரையை யாரும் பார்க்கவில்லை. தாள்களை எல்லாம் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன்.

பிறகு ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டச் சொன்னேன். அரை மணி நேரம் அதற்குள்ளே மட்டும் பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ‘ஒண்ணுமே இல்ல டீச்சர்’ என்ற குரல்தான் நாலா பக்கமும். பதில் சொல்லாமல் நின்றேன். அது எளிதாக இல்லை. ஆசிரியரின் நாக்கு பழகியது வேறு மாதிரி.

அப்புறம் ஒரு குழுவில் சத்தம் கேட்டது. விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, வழவழப்பான ஒரு கல். ‘தோட்டா!’ என்றான் ஒருவன். ‘தோட்டா எப்படிடா கல்லுல இருக்கும்? பென்சில்’ என்றான் இன்னொருவன். அது பெலெம்னைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரியின் உடலுக்குள் இருந்த கூடு. ஒன்று தெரிந்ததும் கண் பழகிவிட்டது. அடுத்த கால் மணி நேரத்தில் அதே ‘ஒண்ணுமே இல்லாத’ சதுரங்களில் ஆளாளுக்குக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வகுப்பில் காணொளி காட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். காணொளியில் பார்க்க வேண்டியதைக் கேமரா முன்பே தேர்ந்து வைத்திருக்கும், வட்டம் போட்டும் காட்டும். இங்கே எது கல், எது படிவம் என்று யாரும் வட்டம் போட்டு வைக்கவில்லை. ஒன்றும் இல்லை என்ற இடத்தில் கண் பொறுமையாகத் தங்கி, வேறுபாட்டைத் தானே பிரித்தெடுக்கிறது. அந்த வேலைக்குப் பெயர்தான் உற்றுநோக்கல். பாடப் புத்தகத்தில் அறிவியல் முறையின் முதல் படி என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது.

ஒரு சரிவில் பாதி உடைந்த அம்மோனைட் அச்சு கிடைத்தது. சுருள், சுருளின் மேல் வரி வரியாகப் புடைப்பு. ‘கெடாக் கொம்பு மாதிரியே இருக்கு’ என்றாள் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி. ஐரோப்பாவிலும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆட்டுக் கொம்புகளோடு சித்திரிக்கப்பட்ட அம்மோன் என்ற கடவுளின் பெயரிலிருந்துதான் அம்மோனைட் என்ற பெயரே வந்தது. நான் அதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த பெருமையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்து நம் வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்றேன். இமயமலை இருக்கும் இடத்திலும் கடலா என்று உடனே அடுத்த கேள்வி வந்தது.

களிமண்ணுக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை இழைகள் ஓடுகின்றன. வெயில் பட்டால் மினுங்கும். கண்ணாடி என்று சிலர் நினைத்தார்கள். ஒரு பையன் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ‘இது ஜிப்சம். எங்க அப்பா கடலைக்குப் போடுவாரு, மூட்டையில பொடியா வரும்’ என்றான். சரியாகச் சொன்னான். நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது இங்கே எல்லாரும் செய்வது. நகத்தால் கீறல் விழுகிறதா என்று பார்ப்பது கனிமங்களை அடையாளம் காணும் அடிப்படைச் சோதனை என்று அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன். சோதனையை முதலில் அவன் செய்துவிட்டான், பெயர் பின்னால் வந்தது.

அன்றைய நாளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ஓடை அரித்த ஒரு செங்குத்துச் சுவரைக் காட்டி, எந்த அடுக்கு முதலில் வந்திருக்கும் என்று கேட்டேன். பலரும் மேலே இருப்பது என்றார்கள். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், ‘அடியில இருக்கறதுதான் டீச்சர் பழசு’ என்றாள். எப்படித் தெரியும் என்றேன். அவள் அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். மேலே செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே களி என்று எந்த ஊரில் எவ்வளவு ஆழத்தில் எது வரும் என்று வீட்டில் பேசுவாராம். ‘மேல இருக்கற மண்ணு வந்து விழறதுக்கு அடியில ஏதாச்சும் இருக்கணும்ல’ என்றாள். பதினேழாம் நூற்றாண்டில் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற அறிஞர் எழுதி வைத்த அடுக்கு விதியை அவள் தன் அப்பாவின் வேலையிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டாள். நான்கு சுவருக்குள் இந்த அறிவை வெளியே கொண்டுவரும் ஒரு கேள்வியை நான் ஒரு ஆண்டாகக் கேட்டதே இல்லை.

இந்தப் பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருக்கின்றன. அதனால் மேற்கே பழையவை, கிழக்கே போகப் போகப் புதியவை வெளித்தெரியும். காரையிலிருந்து அரியலூர்ப் பக்கம் வண்டியில் போனால் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து நிகழ்காலத்தை நோக்கி வருகிறோம் என்று பொருள். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும் இந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். ‘அப்ப எங்க வீட்டுச் சுவத்துலயும் சிப்பி இருக்கா டீச்சர்?’ என்று கேட்டான் ஒருவன். சூளையில் வெந்து, அரைபட்டு, பொடியாகி, இருக்கிறது.

சாத்தனூர்க் கேள்வி

பத்தரை மணிக்குப் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுச் சாத்தனூருக்குப் போனோம். அங்கே ஓடைப் படுகையில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இதைப் பற்றி முதலில் தெரிவித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சைப் பக்கத்துக்காரர். 1951-இல் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். இன்று அந்த இடம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாரும் வரைந்துகொண்டிருந்தபோது ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: ‘கடலுன்னீங்க. கடல்ல எப்படி மரம் வந்துச்சு?’

எனக்கு விடை தெரியும். ஆனால் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரைக்கும் நேரம், யோசித்து வாருங்கள் என்றேன். வேனில் அதுதான் பேச்சு. தீவு இருந்திருக்கும் என்றது ஒரு கட்சி. கடல் வருவதற்கு முன்பே மரம் நின்றிருக்கும் என்றது இன்னொரு கட்சி. அப்படியென்றால் வேர் எங்கே என்று கேட்டு அதை மடக்கினாள் ஒருத்தி. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே என்னை ஒரு பெண் தேடி வந்தாள். அவளுக்கு லால்குடியில் பாட்டி வீடு. ‘கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப மரமெல்லாம் மிதந்து போச்சு டீச்சர். அது கடலுக்குத்தானே போகும்?’ 2018 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலம் இடிந்த வெள்ளத்தைத்தான் சொன்னாள். ஆறு அடித்துக்கொண்டு போன மரம் கடலில் ஊறி, மூழ்கி, சேற்றில் புதைந்து, மரத்தின் பொருள் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறி ஏறிக் கல்லாவது: மீதியை நான் சொன்னேன். ஆற்றைக் கொண்டுவந்தது அவள்.

எடுத்து வந்த கல்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இராது. விதி சொல்லியும் ஒரு மாணவன் ஒரு பெலெம்னைட் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மூன்று நாள் கழித்து அவனே கொண்டுவந்து கொடுத்தான். நான் கடிந்துகொள்ளவில்லை. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளின் கதையை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் அவற்றை விவரித்து, மிகப் பெரிய உடல் கொண்டது என்ற பொருளில் பிருகத்காயோசாரஸ் என்று அந்த டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப்போய்விட்டன. இன்று எஞ்சியிருப்பவை அவர்கள் எழுதியதும், வரைந்ததும், எடுத்த படங்களும்தான். உலகத்தின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்குமா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுவது அந்தக் குறிப்புகளை வைத்துத்தான். கல் எங்கே கிடந்தது, எந்த அடுக்கில், பக்கத்தில் என்ன என்று குறிக்காமல் எடுத்துவிட்டால் அது வெறும் கல்லாகிவிடும் என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த நாளே அவர்கள் குறிப்பேட்டு ஓவியங்களில் அளவும் திசையும் ஏறத் தொடங்கின.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

இரண்டு பிரிவில் ஒன்றைத்தான் அன்று அழைத்துப் போக முடிந்தது. வேன் ஒன்றுதான். இன்னொரு பிரிவு அடுத்த மாதம் போனது. இடையில் இரண்டு பிரிவுக்கும் ஒரே சிறு தேர்வு வைத்தேன். முறையான ஆய்வு என்று இதைச் சொல்ல மாட்டேன், ஒரு ஆசிரியையின் கவனிப்பு மட்டுமே.

‘புதைபடிவம் என்றால் என்ன?’, ‘கல்மரம் எவ்வாறு உருவாகிறது?’ போன்ற கேள்விகளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. புத்தகத்தைப் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். பயணம் போனால் மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்த்த சக ஆசிரியர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் ‘ஒரு கிணற்றின் மண்ணில் சிப்பிகள் கிடைத்தன. அந்த இடம் முன்பு எப்படி இருந்திருக்கலாம்? எப்படி உறுதி செய்வாய்?’ என்ற கேள்விக்கு வந்த விடைகள் வேறு வேறு உலகத்தில் இருந்தன. போகாத பிரிவில் பெரும்பாலும் ‘கடல் இருந்தது’ என்ற ஒரே வரி. போன பிரிவில், அந்தச் சிப்பி நன்னீர்ச் சிப்பியா கடல் சிப்பியா என்று பார்க்க வேண்டும், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று கேட்க வேண்டும், பக்கத்துக் கிணற்றிலும் அதே அடுக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாராவது வெளியிலிருந்து கொட்டிய மண்ணாகவும் இருக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி சந்தேகத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிகளிடமிருந்து வந்த விண்ணப்பங்கள் அளவுக்கு மேல் போனதால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் போனவர்களையும் போகாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஏறக்குறைய 11,000 மாணவர்கள். போய்வந்தவர்கள், தாங்கள் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போதும் கூடுதலாகக் கவனித்து, காரணம் சொல்லி எழுதினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இந்தப் பலன் இன்னும் அதிகமாக இருந்தது. அது ஓவியம், இது களிமண். ஆனால் ஓர் இடத்தில் உற்றுப் பார்க்கக் கற்ற கண் இன்னோர் இடத்துக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகிறது என்பதை நானும் பார்த்தேன். வீட்டில் எந்தப் பயணத்துக்கும் வழியில்லாத பிள்ளைகளுக்குத்தான் பள்ளி இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறைச் சிக்கல்கள் நிறைய. பெற்றோர் சம்மதக் கடிதம், கல்வி அலுவலக அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி, கூட வர ஒரு பெண் பெற்றோர். காலில் கேலிப்பர் என்ற தாங்குகருவி அணிந்த ஒரு மாணவனால் ஓடைக்குள் இறங்க முடியாது என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. மேட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குழுவும் எங்கே என்ன கண்டது என்று வரைபடத்தில் குறிக்கும் வேலையை அங்கேயே அவனுக்குக் கொடுத்தோம். அன்றைய பதிவுகளில் மிகவும் பயனுள்ளது அந்த வரைபடம்தான். ஆனாலும் அடுத்த பிரிவோடு போனபோது, அதே கூட்டத்தில் அவனையும் சேர்த்து, வண்டி பக்கத்தில் நிற்கக்கூடிய, சமதளமாக உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவனும் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா.

பத்தாம் வகுப்பில்

ஜூனில் அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தார்கள். பரிணாமப் பாடம் வந்தபோது, பயணம் முடிந்து மாதங்கள் கடந்துவிட்டன. திருவக்கரைப் பூங்காவின் படத்தைத் திரையில் போட்டேன். கல்லாகிப்போன அடிமரங்கள் தரையில் கிடக்கும் படம். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

‘டீச்சர், இது அங்கேயே நின்ன மரமா, ஆத்துல வந்ததா?’

நீங்களே பாருங்கள் என்று படத்தைப் பெரிதாக்கினேன். கிணறு வெட்டுபவரின் மகள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு மரமாக விரலை வைத்துப் பார்த்தாள். ‘வேர் இல்ல. கிளை இல்ல. பட்டையும் இல்ல’ என்றாள். ‘வந்ததுதான்.’

திருவக்கரை மரங்களைப் பற்றிப் புவியியலாளர்கள் சொல்வதும் அதே காரணங்களோடு அதே முடிவுதான். அதை நான் அவளுக்குச் சொல்வதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது: எந்த ஆறு?